"ஒரு குட்டி தந்துருங்க" என்ற பேச்சில் வந்த தகராறு: கன்னி நாய் கிராசிங்குக்கு நியாயமான கட்டணம் போட்ட கதை

நாய் கிராசிங்குக்கு, அதாவது குட்டிக்காகப் பொட்டையை ஆண் நாயோடு சேர்ப்பதற்கு, எவ்வளவு வாங்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்கிறவர்கள் ஒரு தொகையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நான் தொகை சொல்வதில்லை. அந்தக் காசு எதற்கு, எப்போது கைமாற வேண்டும், குட்டி குறைந்தால் நட்டம் யாருக்கு என்கிற மூன்றையும் பேசி முடிக்காவிட்டால் இரண்டாயிரமும் அநியாயம்தான், பத்தாயிரமும் அநியாயம்தான். திருநெல்வேலிச் சீமையின் வடக்கே கரிசல் காட்டுப் பக்கம் நடந்த ஒரு தகராறை வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு பக்கமும் என்னைக் கணக்குப் பார்க்கக் கூப்பிட்டதால் உள்விவரம் முழுக்கத் தெரியும், இருவரும் சரி என்றதால் பெயர் போடாமல் எழுதுகிறேன். கீழே வருகிற தொகைகள் அவர்கள் பேசிக்கொண்டவை. உங்கள் ஊரில் குட்டி விலை வேறாக இருந்தால் தொகை மாறும், போடுகிற கணக்கு மாறாது.

நடந்தது

பொட்டை நாய் குருவிகுளம் பக்கம் ஆடு வளர்க்கிற ஒரு தம்பியுடையது. இரண்டு வயசு, கன்னி என்கிற நாட்டு வேட்டைநாய் இனம், முதல் ஈத்து (முதல் பேறு). கடுவன் (ஆண் நாய்) கயத்தாறு பக்கத்து அண்ணாச்சியுடையது. ஐந்து வயது, நாய்க் கண்காட்சியில் பரிசு வாங்கியது, அதைவிட முக்கியமாக, அதற்குப் பிறந்த குட்டிகள் நாலைந்து வீடுகளில் கால் நல்ல வாக்காகவும் குணம் கெடாமலும் வளர்ந்து நிற்கின்றன. தம்பி போனில் கேட்டபோது அண்ணாச்சி சொன்னது இதுதான்: "காசெல்லாம் என்னத்துக்கு தம்பி? குட்டி போட்டா ஒரு குட்டி தந்துருங்க, நான் பாத்து எடுத்துக்கிடுதேன்." தம்பியும் சரி அண்ணாச்சி என்றார். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

பொட்டை பருவத்துக்கு வந்து ரத்தம் கண்ட பத்தாம் நாள் தம்பி பொட்டையை வண்டி பிடித்துக் கொண்டுபோய் விட்டார். (கடுவன் தன் இடத்தில்தான் தயங்காமல் சேரும், அதனால் பொட்டையைக் கொண்டுபோவதுதான் வழக்கம்.) அன்றும் மறுநாளும் சேர்ந்தது, இரண்டு தடவையும் நன்றாக லாக் ஆனது (இரண்டும் பிரியாமல் பின்னி நின்றன). மூன்று நாள் அங்கே வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பிறந்தது மூன்று குட்டி. ஒன்று இரண்டாம் நாளே போய்விட்டது. மிச்சம் ஒரு கடுவன் குட்டி, ஒரு பொட்டைக் குட்டி.

ஆறாவது வாரம் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுப் பொட்டைக் குட்டியைக் கேட்டார். தம்பி அதைத்தான் தாய்க்குப் பின்னால் வம்சத்துக்கு வைத்துக்கொள்ள நினைத்திருந்தார். "ரெண்டுல ஒண்ணு உங்களுக்குன்னா எனக்கு என்ன மிச்சம் அண்ணாச்சி? செலவுக்கே காணாது" என்று தம்பி. "பேசுனது ஒரு குட்டிதான்லா, பாத்து எடுக்கேன்னு சொன்னேம்லா. என் நாய் அது வேலைய செஞ்சிட்டு, குட்டி கொறஞ்சா நான் என்ன பண்ண?" என்று அண்ணாச்சி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. அதனால்தான் இந்தத் தகராறு எழுதத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

"ஒரு குட்டி" என்பது கூலியா, பங்கா?

முதலில் தம்பியின் செலவுக் கணக்கை எழுதினோம். வண்டி வாடகை 2,400. ஸ்கேனும் டாக்டரும் 1,500. தாய்க்குக் கூடுதல் தீனி 2,700. இரண்டு குட்டிக்கும் பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி, தீனி எல்லாம் சேர்த்து 2,800. மொத்தம் 9,400 ரூபாய். இதில் தம்பியின் உழைப்புக்கு ஒரு பைசா போடவில்லை, ராத்திரி முழித்துக் கிடந்ததற்கும் போடவில்லை. அந்த வட்டாரத்தில் அப்போது இந்த மாதிரிக் குட்டி 8,000 ரூபாய்க்குப் போனது. இரண்டு குட்டி 16,000. ஒன்றை அண்ணாச்சிக்குக் கொடுத்தால் தம்பி கையில் நிற்பது 8,000, செலவு 9,400, ஆக 1,400 ரூபாய் கைநட்டம்.

இதே பேச்சை ஆறு குட்டிக்கு வைத்துப் பாருங்கள். அந்தத் தாயின் தாய் பெரும்பாலும் ஆறு போட்டிருக்கிறது என்பதால் ஆறை நடுத்தர ஈத்தாக எடுத்துக்கொண்டோம். விற்றால் 48,000. செலவு சுமார் 16,000. ஒரு குட்டி அண்ணாச்சிக்குப் போனால் தம்பிக்கு 24,000 நிற்கும், யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரே சொல்தான், ஆறு குட்டியில் அது ஆறில் ஒரு பங்கு, இரண்டு குட்டியில் சரிபாதி, ஒரே ஒரு குட்டி பிறந்திருந்தால் முழுசும் அண்ணாச்சிக்கு. அதனால் இது கூலியும் இல்லை, பங்கும் இல்லை. ஆட்டை வாரத்துக்கு (பங்குக்கு வளர்க்க) விடுகிறவன்கூட பிறக்கிற குட்டியில் இத்தனைக்கு இத்தனை என்று பேசித்தான் விடுவான்.

அண்ணாச்சி ஏன் அப்படிக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். கரிசல் ஊர்களில் கன்னி நாயைக் காசுக்கு விற்பது பழைய பழக்கம் இல்லை. வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள், மகளுக்குச் சீரோடு கொடுத்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். குட்டிக்கு விலையே இல்லாத காலத்தில் கடுவன்காரனுக்கு ஒரு குட்டி என்பது சரியான முறை, அவன் வம்சமும் அவன் வீட்டில் தொடரும், யாருக்கும் கைக்காசு போகாது. இப்போது நிலைமை வேறு. 2005-இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது, 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார், வெளியூர்க்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள், குட்டிக்கு விலை வந்துவிட்டது. விலை வந்த பிறகும் பேச்சு மட்டும் பழைய பேச்சாகவே இருக்கிறது. அண்ணாச்சி வழக்கத்தைச் சொன்னார், தம்பி காசைப் பார்த்தார்.

குட்டி ஏன் குறைந்தது?

இதைப் பேசாமல் கட்டணம் பேச முடியாது, ஏனென்றால் தம்பிக்கு உள்ளுக்குள் கடுவன்மேல் சந்தேகம், அண்ணாச்சிக்குப் பொட்டைமேல் சந்தேகம். எத்தனை முட்டை வெளிவருகிறது என்பது தாயைப் பொறுத்தது. அத்தனையும் கருவாகுமா என்பது கடுவனின் விந்தையும், அதைவிட அதிகமாகச் சேர்த்த நாளையும் பொறுத்தது. நாய்க்கு முட்டை வெளிவந்த உடனே கரு நிற்காது. வெளிவந்து இரண்டு நாள் போல முற்ற வேண்டும், அதன் பிறகு இரண்டு மூன்று நாள்தான் அது உயிரோடு இருக்கும். ரத்தம் கண்டதிலிருந்து இத்தனையாம் நாள் என்று எண்ணுவது வெறும் சராசரி. ஒரு பொட்டை எட்டாம் நாளே தயாராகிவிடும், இன்னொன்று இருபது நாள் ஆனாலும் ஆகாது. முட்டை வருவதற்கு முன்பே பொட்டை வாலை ஒதுக்கி நிற்கும், சேரும், லாக்கும் ஆகும். கடுவனின் உயிரணு உள்ளே ஐந்தாறு நாள் தாங்கும் என்பதால் சீக்கிரம் சேர்த்தாலும் சில குட்டியாவது நிற்கும், ஆனால் எண்ணிக்கை குறைய வாய்ப்பு உண்டு.

நாளைச் சரியாகப் பிடிக்க, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அளவு ஒரு மில்லிக்கு 2 நானோகிராம் பக்கம் வந்தால் முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோனின் ஏற்றம் தொடங்கிவிட்டது, 5 பக்கம் வந்தால் முட்டை வெளிவருகிறது, அதிலிருந்து இரண்டாம் நாளும் நாலாம் நாளும் சேர்ப்பது நல்லது. ஒரு தடவை எடுத்தால் போதாது, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்க வேண்டியிருக்கும். இந்த ஈத்தில் யாரும் அதைச் செய்யவில்லை. பத்தாம் நாள் என்பது ஊர்க்கணக்கு, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு செய்தது. அதனால் குட்டி குறைந்ததை ஒருவர் தலையில் மட்டும் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கடுவன் வேலையைச் செய்ததா இல்லையா என்பதற்கு லாக் ஆனது சாட்சி இல்லை என்பதையும் அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கொஞ்சம் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

கட்டணத்தை எப்படிப் பிரித்தோம்

முதல் பாகம், சேர்க்கைக்கான காசு. குட்டி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் அண்ணாச்சிக்கு ஆன செலவு ஆனதுதான். மூன்று நாள் பொட்டைக்குத் தீனி 600, அவர் வேலையை விட்டுவிட்டு இருந்த இரண்டு நாளுக்குக் கூலி 1,400, டாக்டரை வைத்துப் பார்த்தது 500. ஆக 2,500 ரூபாய். இதைச் சேர்க்கை அன்றே கொடுத்துவிட வேண்டும், திருப்பிக் கேட்கக் கூடாது.

இரண்டாவது பாகம் குட்டிக்கு இவ்வளவு என்பது. நடுத்தர ஈத்துக்கு ஒரு குட்டி விலை என்ற ஊர் வழக்கத்தை நான் தள்ளவில்லை, அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது, கடுவனை வருஷம் முழுக்க வளர்த்ததற்கு அதில்தான் பலன். ஒரு குட்டி விலை 8,000, அதில் 2,500 போனால் 5,500, ஆறால் வகுத்தால் 916 வருகிறது, 900 என்று வைத்தோம். இப்போது இரண்டு குட்டிக்கு 2,500-உம் 1,800-உம் சேர்த்து 4,300. ஆறு குட்டி என்றால் 7,900. தம்பிக்கு இரண்டு குட்டி ஈத்தில் 2,300 ரூபாய் மிஞ்சும், ஆறு குட்டி ஈத்தில் 24,100 மிஞ்சும். அண்ணாச்சிக்கு நல்ல ஈத்தில் பழைய வழக்கத்துக்கு 100 ரூபாய்தான் குறைவு.

தம்பி இங்கே ஒரு கேள்வி கேட்டார். ஒன்பது பத்து குட்டி பிறந்தால் கட்டணம் ஒரு குட்டி விலையைத் தாண்டிவிடுமே, மேலே ஒரு வரம்பு வைக்கலாமா? நான் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டி குறைந்தபோது அண்ணாச்சி குறைத்துக்கொள்கிறார் என்றால் கூடியபோது கூடுதலாக வாங்கத்தான் வேண்டும். நட்டத்தில் மட்டும் பங்கு கேட்டால் அது பங்காளித்தனம் ஆகாது.

அடுத்த சிக்கல், எந்த நாள் உயிரோடு இருக்கும் குட்டியை எண்ணுவது? பிறந்த அன்று எண்ணினால் தம்பிக்கு நட்டம், மெலிந்து பிறந்த குட்டி முதல் வாரத்திலேயே போவது சகஜம். விற்கும் அன்று எண்ணினால் அண்ணாச்சிக்கு நட்டம், ஏனென்றால் இடையில் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வைரஸ் வயிற்றுப்போக்கு) வந்து குட்டி செத்தால் அதில் பொட்டைக்காரரின் சுத்தமும் தடுப்பூசியும் எல்லாம் இருக்கிறது, கடுவன்காரர் அதற்கு என்ன செய்வார்? பதினாலாம் நாள் எண்ணுவது என்று முடிவு செய்தோம். காசு கொடுப்பது எட்டு வாரம் முடிந்து குட்டி கைமாறும்போது. அதற்கு முன்னால் குட்டியை விற்கவும் கூடாது, 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க விதிகள் அதைத்தான் சொல்கின்றன. விற்பனைக்காக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, தம்பியை அதற்கும் விண்ணப்பிக்கச் சொன்னேன்.

ஒரு குட்டியும் நிற்கவில்லை என்றால்? 2,500 அண்ணாச்சியிடமே இருக்கும், அடுத்த தடவை பொட்டை பருவத்துக்கு வரும்போது தீனிச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டு அதே கடுவனைச் சேர்க்க வேண்டும்.

பரிசுக்கும் முயல் பிடித்ததற்கும் காசு உண்டா?

அண்ணாச்சி கடுவனின் கண்காட்சிப் பரிசைச் சொல்லி 900-ஐக் கூட்டக் கேட்டார். பரிசினால் குட்டி விலை கூடினால் கட்டணமும் தானாகக் கூடும், நம் கணக்கே குட்டி விலையில்தான் நிற்கிறது, இரண்டு தடவை வாங்கக் கூடாது என்றேன். அதற்குப் பதில் அவருடைய கடுவனுக்குப் பிறந்து வளர்ந்த நாய்களைத் தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னேன். கடுவனின் மதிப்பு அதில்தான் தெரியும். அப்புறம் ஓடி முயல் பிடித்த கதையைச் சொல்லி விலை ஏற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அதைக் கட்டணத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

பரிசு நாய்க்கு எல்லோரும் ஓடுவதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது, எனக்கு இதில் உண்மையாகவே கவலை உண்டு. நம் இனங்கள் எண்ணிக்கையில் குறைந்தவை. ஒரு வட்டாரத்தில் எல்லாப் பொட்டையும் ஒரே கடுவனிடம் போனால் அடுத்த தலைமுறை முழுக்க ஒரு தகப்பன் பிள்ளைகள், அவற்றுக்குள் சேர்த்தால் மறைந்திருக்கும் குறை எல்லாம் மேலே வரும். பரிசு வாங்காத, வேறு வம்சத்து நல்ல கடுவனை யாராவது ஒழுங்காக வைத்திருந்தால் அவருக்கும் இதே கட்டணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். அவர் அந்த நாயைத் தொடர்ந்து வைத்திருக்க அதுதான் வழி.

காசுக்கு முன்னால் பார்க்க வேண்டியது

நம் ஊரில் தெருநாய்களோடு பழகாத நாய் குறைவு. சேர்க்கையில் பரவுகிற சதைக்கட்டி நோய் இங்கே சாதாரணம், பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டியாக வரும். வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நாலு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் குணமாகும்வரை சேர்க்கவே கூடாது. இன்னொன்று புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று. வெளியே எதுவும் தெரியாது, பொட்டைக்குக் கடைசி மாதத்தில் குட்டி கலையும், கடுவனுக்கு விதை வீங்கும் அல்லது விந்து கெடும். மருந்தில் முழுசாகப் போகும் என்று நம்ப முடியாது, மனிதருக்கும் தொற்றும். ஒரு பொட்டையிடமிருந்து கடுவனுக்கு வந்தால் அந்தக் கடுவனின் இனப்பெருக்க வாழ்க்கையே முடிந்தது, அதன் பிறகு 8,000 வாங்கி என்ன பயன்? அதனால் அவரவர் நாய்க்கு அவரவர் செலவில் பரிசோதனை, சீட்டைக் காட்டிவிட்டுத்தான் சேர்க்கை. கலைந்த குட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

சேர்க்கைக்குப் பிறகு பொட்டையைப் பருவம் முடியும்வரை அடைத்து வைப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நல்ல கடுவனோடு சேர்ந்த பொட்டை அடுத்த நாள் தெருநாயோடும் சேரும், ஒரே ஈத்தில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கும். தம்பி வீட்டில் பொட்டை ஆட்டுக்கூட்டத்தோடு காட்டுக்குப் போகிற நாய், அதை இரண்டு வாரத்துக்கு மேல் கட்டிவைப்பது அவருக்குச் சிரமம்தான். ஆனாலும் கட்டத்தான் வேண்டும், இல்லையென்றால் எந்தக் குட்டிக்கு 900 என்பதே தகராறாகிவிடும்.

எப்படி முடிந்தது

பேச்சுப்படி பார்த்தால் அண்ணாச்சி சொன்னது சரி. ஒரு குட்டி என்று சொல்லித்தான் கடுவனை விட்டார். அதைத் துடைத்துப்போட்டுவிட்டுப் புதுக் கணக்கை மட்டும் பேச முடியாது. பொட்டைக் குட்டி தம்பியிடமே இருக்கட்டும், கடுவன் குட்டியை விற்று 4,300 அண்ணாச்சிக்குக் கொடுக்கட்டும், பேச்சை மாற்றியதற்கு ஈடாக அடுத்த ஈத்திலும் இதே கடுவனுக்குத்தான் பொட்டையைக் கொண்டுவர வேண்டும், அதில் தம்பி தனக்கு ஒரு குட்டியை எடுத்த பிறகு மற்றதில் முதலில் பார்த்து எடுக்கும் உரிமை அண்ணாச்சிக்கு, விலையைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அண்ணாச்சி அன்றைக்கு முழுத் திருப்தியோடு போகவில்லை. "சரி, கணக்குன்னு வந்துட்டா கணக்குதான்" என்றுவிட்டுப் போனார்.

வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது என்பதும் 2017 விதிகளில் இருப்பதால் நடுவில் வந்த பருவத்தை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை ஒரு தாளில் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பரிசோதனைச் சீட்டுகள் இருந்தன. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பத்தாம் நாள் அளவு இன்னும் 2-ஐயே எட்டவில்லை, பதினான்காம் நாள்தான் 5-ஐத் தாண்டியது. பதினாறாம் நாளும் பதினெட்டாம் நாளும் சேர்த்தார்கள். எட்டுக் குட்டி பிறந்து பதினாலாம் நாள் ஏழு இருந்தன. கட்டணம் 2,500-உம் 6,300-உம் ஆக 8,800 ரூபாய். 2,500 ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அண்ணாச்சி ஒரு பொட்டைக் குட்டியை எடுத்தார். அதன் விலை 8,000, அவருக்கு வரவேண்டியது 6,300 என்பதால் மீதி 1,700-ஐ அவர்தான் தம்பி கையில் கொடுத்தார். இந்தத் தடவை பேரமே நடக்கவில்லை.

இப்போது அவர்களுக்குள் பேச்சில் இருப்பது ஒரே ஒரு விஷயம். கடுவனுக்கு ஏழு வயது ஆகப்போகிறது, வயது ஏற ஏற விந்தின் தரம் குறையும். அடுத்த சேர்க்கைக்கு முன்னால் விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தம்பி கேட்கிறார், அந்தச் செலவு யாருடையது என்று என்னிடம் கேட்டார்கள். கடுவனைக் காட்டிக் காசு வாங்குகிறவர் அண்ணாச்சி, அதனால் செலவு அவருடையது, அந்தச் சீட்டை அந்த வருஷம் வருகிற மற்றப் பொட்டைக்காரர்களுக்கும் அவர் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன்.